பதினேழு அடி ஐந்து அங்குலக் கயிறு

ஜூன் 2

தங்கைக்கு,

'அன்புள்ள' என்று எழுதப் போன கையை நானே தட்டிவிட்டேன். கோபம் இன்னும் தீரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஃபோனில் உன்னோடு பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. மார்ச் மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போகிறேன். என்னடா இவள் ஒரு 'ம்' கூடக் கொட்டவில்லையே என்று காதைத் தீட்டினால், அந்தப் பக்கம் குழாய் ஓடுகிறது, தட்டு கழுவுகிற சத்தம் வேறு. பதினோரு நிமிடம் நான் உன் சாப்பாட்டு மேஜையோடு பேசியிருக்கிறேன்! மேஜை நல்ல மாதிரி, குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. ஈரக்கையோடு ஓடி வந்து, "முக்கியமானதை மட்டும் சொல்லுண்ணா, கேட்டுக்கிட்டுதான இருக்கேன்" என்றாய் பார், அதைத்தான் தாங்க முடியவில்லை.

கடிதத்தில் ஒரு வசதி. மேஜையில் வைத்துவிட்டுப் போனாலும் திரும்பி வரும்போது அங்கேயே இருக்கும்.

சரி, முக்கியமானது. போன வருஷம் மக்காச்சோளத்தில் நான் ஆடிய கூத்து உனக்கு அரைகுறையாகத் தெரியும். புது ரகம், இலை மேல்நோக்கி நிற்கும், நெருக்கி விதைக்கலாம் என்றார் விதைக்கடைக்காரர். நெருக்கினேன். ஆள் கூடினால் உலையும் கூட வைக்க வேண்டாமா என்று யூரியாவை இரண்டு மடங்காக்கி, அத்தனையையும் விதைப்போடு கொட்டினேன். பன்னிரண்டாம் நாள் ஒரு மழை. பாதி யூரியா எந்தத் திசையில் போனதென்று இன்றுவரை தகவல் இல்லை. மீதி, பயிரை நெட்டையாக வளர்த்துவிட்டது. பென்சில் மாதிரி தண்டு. ஒரு சாயங்காலக் காற்றில் ஆறு ஏக்கரும் படுத்துவிட்டன. கதிரெல்லாம் என் கட்டைவிரல் அளவு. அதற்கு முந்தைய வருஷம் மழையே இல்லை என்பது உனக்குத் தெரியும்.

இரண்டு வருஷம் பொறுத்த உன் அண்ணி போன வாரம் வாயைத் திறந்தாள். "இந்தத் தடவை ஏக்கருக்கு முப்பது மூட்டை. வந்தா நாம இங்க. வரலன்னா பையன் வீட்டு மாடி ரூம். நிலத்த வேற யாராவது பாத்துக்கட்டும். தினம் பொழுது சாஞ்சா வானத்தப் பாத்து உக்காந்திருக்க இனிமே என்னால ஆகாது." மூட்டை என்றால் நூறு கிலோ, நிறுத்த மூட்டை. நான் மார்பை நிமிர்த்தி, "சரி" என்றேன். நிமிர்த்திய மார்புக்குள் என்ன நடந்ததென்று அவளுக்குத் தெரியாது.

அந்த மாடி அறையைப் பார்த்திருக்கிறாயா? எட்டுக்குப் பத்து. ஒரே ஜன்னல். ஜன்னலுக்கு எதிரே பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. அது நிரம்பி வழியும்போது, "மோட்டாரை நிறுத்துங்க!" என்று கத்துவதுதான் மிச்ச வாழ்க்கையில் என் உத்தியோகம்.

நீ மண் பரிசோதனைக் கூடத்தில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் சீட்டு எழுதிக் கொடுக்கிறாய். கூடப்பிறந்தவனுக்கும் ஒன்று எழுது. வயலில் ஆறு இடத்து மண், இதோடு பொட்டலத்தில். நெருக்கமாக விதைத்தால் எவ்வளவு யூரியா, எப்போது, எப்படி? பயமாக இருக்கிறது.

அண்ணன்

---

ஜூன் 8

அண்ணா,

மண் வந்தது. கரிமச் சத்து குறைவு. மற்றவை பரவாயில்லை.

1. நெருக்கி விதைப்பது தப்பில்லை. ஒரேயடியாகக் கொட்டியதுதான் தப்பு. முளைத்த பயிருக்கு வாய் சிறிது. முழங்கால் உயரத்துக்கு மேல்தான் பசி எடுக்கும்.

2. மூன்று தவணை. விதைப்போடு ஏக்கருக்கு 25 கிலோ யூரியா மட்டும். அடுத்தது முழங்கால் உயரத்தில். கடைசி, பூ வெளிவருவதற்குச் சற்று முன்.

3. இரண்டாம், மூன்றாம் தவணைக்கு அளவு இப்போது சொல்லமாட்டேன். ஏக்கரில் எத்தனை பயிர் நிற்கிறது என்று தெரிந்தால்தான் கணக்கு. குத்துமதிப்பு வேண்டாம்.

4. இதோடு ஒரு நீல நைலான் கயிறு வைத்திருக்கிறேன். பதினேழு அடி ஐந்து அங்குலம். முளைத்துப் பத்து நாளானதும் ஒரு வரிசையை ஒட்டிக் கயிற்றை நீட்டிப் போடு. கயிற்று நீளத்துக்குள் எத்தனை பயிர் என்று எண்ணு. பக்கத்தில் மூன்று சைபர் சேர்த்தால் ஏக்கருக்கு எத்தனை பயிர் என்று வந்துவிடும். பத்து இடத்தில் போட்டுச் சராசரி எடு. அது ஏன் பதினேழு அடி என்று கேட்காதே, விளக்க நேரமில்லை. கயிறு சரி.

விதைப்புப் பருவம். ஒரு நாளைக்கு எண்பது மாதிரி வருகிறது. உதவிக்கு இருந்தவளும் வேலையை விட்டுவிட்டாள். அதனால் எண்ணை மட்டும் எழுது. கதை வேண்டாம்.

தொப்பி போட்டுக்கொண்டு வயலுக்குப் போ.

---

ஜூன் 29

தங்கைக்கு,

கயிறு கிடைத்தது. கடிதம் முக்கால் பக்கம், கயிறு பதினேழு அடி. உன்னிடமிருந்து இவ்வளவு நீளமாக எதுவும் வந்ததில்லை.

விதைப்புக் கதையைக் கேள். நம் விதைப்புக் கருவிக்காரன், ஸ்பேனர் என்றால் எல்லோருக்கும் தெரியும், காதில் பென்சில் செருகுகிற மாதிரி இடுப்பில் ஸ்பேனர் செருகியிருப்பானே, அவன் பதினாலாம் தேதி காலை ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லிப் பதினொன்றுக்கு வந்தான். ஏன்டா என்றால், "அத்தை வந்திருக்காங்க அண்ணே" என்று அழுகிற மாதிரி சொன்னான். அவன் மாமியார் வந்தால் மூன்று மாதம். போன தடவை அந்த அம்மாள் கிளம்பிப் போன அன்று இவன் டிராக்டருக்கு மாலை போட்டான். இந்தத் தடவை அந்த அம்மாள் கட்டிலை வேறு கொண்டு வந்திருக்கிறாராம். போன வருஷம் வரிசைக்குள்ளேயே பயிர் முட்டி மோதிக்கொண்டு நின்றதல்லவா, அதனால் இந்தத் தடவை வரிசையையே நெருக்கிவிடலாம் என்று ஸ்பேனர் தன் கருவியின் விதைப் பெட்டிகளையெல்லாம் கழற்றி, இரண்டரை அடியில் இருந்ததை இரண்டடிக்கு நகர்த்தி மாட்டினான். மாட்டும்போது ஒரு போல்ட்டைக் காணோம். நானும் அவனும் ஒரு மணி நேரம் மண்ணில் தவழ்ந்தோம். வரப்பு நிருபர் (பக்கத்து வயல்காரர்தான், ஊரில் எது நடந்தாலும் வரப்பில் நின்று ஒளிபரப்புகிறவர்) வந்து, "என்ன, ரெண்டு பேரும் கும்பிடறீங்களா?" என்றார். கடைசியில் போல்ட் எங்கே இருந்தது தெரியுமா? ஸ்பேனரின் வாயில். கழற்றியதும் பத்திரமாக இருக்கட்டும் என்று பல்லில் கடித்துக்கொண்டானாம். ஒரு மணி நேரம் அதை வைத்துக்கொண்டேதான் என்னோடு பேசியிருக்கிறான். மாமியாரிடம் பேசிப் பழகிய வாய்.

எல்லாம் நன்றாக முளைத்தது. பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சி. நேற்றுக் கயிற்றைப் போட்டு எண்ணினேன். பத்து இடம். உன் அண்ணி நோட்டோடு பின்னாலேயே வந்தாள்.

சராசரி 26.

கருவி போட்ட விதை ஏக்கருக்கு முப்பத்துநாலாயிரம். பெட்டியில் கொட்டியதும் மிஞ்சியதும் பார்த்துத்தான் சொல்கிறேன். நிற்பது இருபத்தாறாயிரம் என்றால் எட்டாயிரம் எங்கே? ஸ்பேனர் தன் பிள்ளை மேல் சத்தியம் செய்கிறான். பறவைதான் என்று உன் அண்ணி முடிவு கட்டிவிட்டாள். நான் இரண்டு நாளாகப் பழைய தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு வரப்பில் திரிகிறேன். ஒரு புறா என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. திருடனுக்குரிய லட்சணம் எதுவும் அதன் முகத்தில் இல்லை.

இருபத்தாறை வைத்து முப்பது மூட்டை வருமா? சீக்கிரம் எழுது.

அண்ணன்

---

ஜூலை 4

அண்ணா,

எண்: 26. குறித்துக்கொண்டேன்.

போட்ட விதையைப் பற்றிக் கவலைப்படாதே. நிற்கிற பயிருக்குத்தான் சாப்பாடு. போனதற்குப் போட்டால் போன வருஷக் கதைதான்.

26,000 பயிருக்கு மொத்தம் ஏக்கருக்கு 110 கிலோ. விதைப்போடு 25 போட்டாயிற்று. முழங்கால் உயரத்தில் 50. பூவுக்கு முன் 35.

தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளி, கோடு கிழித்து, ஈர மண்ணில் போட்டு மூடு. மேலே தூவினால் காற்றுக்குத்தான் போகும். நிறுத்துப் போடு. 'பாவம், இன்னொரு கைப்பிடி' என்று இரக்கம் காட்டாதே. உன் இரக்கம் எனக்குத் தெரியும்.

முப்பது வரலாம். ஓர் இம்மி கூடக் கூட்டாமல் குறைக்காமல் செய்தால்.

---

ஜூலை 27

தங்கைக்கு,

பதின்மூன்றாம் தேதி போட்டேன். ஏக்கருக்கு ஐம்பது, சமையலறைத் தராசில் நிறுத்து. உன் அண்ணி சாக்குப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஓரிடத்தில் பயிர் கொஞ்சம் சவலையாகத் தெரிந்ததால் கை தானாகச் சாக்குக்குள் போனது. "அந்தக் கை" என்றாள். அவ்வளவுதான். கை திரும்பி வந்துவிட்டது.

இதெல்லாம் போகட்டும். நான்கு நாளாக அடி இலை மஞ்சளாகிறது.

எல்லாப் பயிரிலும் இல்லை. ஆனால் எல்லா வரிசையிலும் இருக்கிறது. நேற்று கிணற்றுப் பக்கம், இன்று நடுவிலும். வரப்பு நிருபர் காலையில் வந்து நின்றார். வழக்கமாக வாய் ஓயாத மனிதர், இன்று ஒன்றும் சொல்லவில்லை. இலையைப் பிடித்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார். அவர் பேசாமல் போனதுதான் என்னைக் குலைத்துவிட்டது. டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "கூட யாரு வந்திருக்காங்க?" என்று கேட்பாரே, அந்த மாதிரி.

வீட்டுக்கு வந்தால் உன் அண்ணி டேப்பை வைத்துக் கட்டிலை அளந்துகொண்டிருக்கிறாள். "எதுக்கு?" என்றேன். "சும்மா" என்றாள். எட்டுக்குப் பத்து அறையில் கட்டில் போட்டால் நடக்க வழி இருக்குமா என்று பார்க்கிறாள். எனக்குத் தெரியாதா?

நீ சொன்னதை நீ சொன்னபடியே செய்தேன். ஒரு கைப்பிடி கூட்டவில்லை. இப்போது மஞ்சள். கூடப்பிறந்தவளை நம்பியது தப்போ என்று ஒரு நிமிடம் தோன்றியது. தோன்றியதை எழுதிவிட்டேன், அடிக்கவில்லை.

அண்ணன்

---

ஜூலை 31

அண்ணா,

நான் கொடுத்த அளவில் தப்பிருக்க வாய்ப்பில்லை. மூன்று தடவை சரிபார்த்துவிட்டேன். ஆகவே நீ செய்ததில் ஏதோ இருக்கிறது.

கீழே உள்ளவற்றுக்கு மட்டும் பதில் எழுது. ஸ்பேனர் வேண்டாம், மாமியார் வேண்டாம், புறா வேண்டாம். உன் கடிதத்தில் ஒரு எண்ணைத் தேடுவதற்குள் எனக்கு மதிய இடைவேளை முடிந்துவிடுகிறது.

1. முழங்கால் உயரத்தில் உண்மையில் எத்தனை கிலோ போட்டாய்?
2. தண்டிலிருந்து எவ்வளவு தள்ளி? மூடினாயா?
3. மஞ்சள் இலையின் ஓரத்திலா, நடு நரம்பை ஒட்டியா?
4. போட்ட பிறகு எத்தனை தண்ணீர்?
5. பயிர் எண்ணிக்கை மறுபடியும் எண்ணியது?
6. பூ எப்போது வரும் போலிருக்கிறது?

---

ஆகஸ்ட் 3

1. 50.
2. நான்கு விரல். மூடினேன்.
3. நடு நரம்பு. நுனியிலிருந்து உள்ளே.
4. 2.
5. 26.
6. ஏழெட்டு நாள்.

---

ஆகஸ்ட் 6

அண்ணா,

உன் கடிதம் நேற்றுக் காலை வந்தது. உறையைக் கவிழ்த்துப் பார்த்தேன். உள்ளே இன்னொரு தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விளக்கில் தூக்கிப் பார்த்தேன். ஆறு வரி. கீழே 'அண்ணன்' என்றுகூட இல்லை.

நான் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது. சந்தோஷமல்லவா வர வேண்டும்? எனக்கு வரவில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோதுகூட நீ, பக்கத்துக் கட்டில்காரரின் குறட்டையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியவன்.

பழைய கடிதங்களை எடுத்தேன். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், திட்டுவதானால் திட்டு. உன் கடிதம் வந்ததும் பென்சிலை வைத்துக்கொண்டு உட்காருவேன். எண் இருக்கிற இடத்தில் கோடு போடுவேன். கோடு போட்டதை மட்டும் படிப்பேன். மீதியை ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் படிக்கலாம் என்று வைப்பேன். ஞாயிற்றுக்கிழமை வரும், துணி துவைப்பேன்.

நேற்று முதல் தடவையாக எல்லாவற்றையும் முழுசாகப் படித்தேன். ஜூன் 29. மாமியாருக்கும் போல்ட்டுக்கும் நடுவில். வரிசையை இரண்டரை அடியிலிருந்து இரண்டடிக்கு மாற்றிவிட்டீர்கள்.

அண்ணா, அந்தக் கயிறு இரண்டரை அடி வரிசைக்கு வெட்டியது. பதினேழு அடி ஐந்து அங்குலம் நீளம், இரண்டரை அடி அகலம். அது ஒரு ஏக்கரில் சரியாக ஆயிரத்தில் ஒரு பங்கு. அதனால்தான் மூன்று சைபர். வரிசை இரண்டடி ஆகிவிட்டால் கயிறு இருபத்தொரு அடி ஒன்பது அங்குலம் இருக்க வேண்டும். நான் நம் வயலில் கடைசியாக நின்றபோது இருந்த வரிசைக்குக் கயிறு வெட்டி, "ஏன் என்று கேட்காதே" என்று வேறு எழுதினேன். ஒரு வரி விளக்கியிருந்தால் நீயே கண்டுபிடித்திருப்பாய்.

உன் வயலில் நிற்பது இருபத்தாறாயிரம் இல்லை. முப்பத்திரண்டாயிரத்து ஐந்நூறு. எந்தப் பறவையும் எதையும் தின்னவில்லை. இருபத்தாறு பேருக்கு வடித்ததை முப்பத்திரண்டு பேர் பங்கு போட்டிருக்கிறார்கள். நடு நரம்பை ஒட்டி மஞ்சள் என்றால் பசி. பயிர் அடி இலையில் இருக்கிற சத்தை உறிஞ்சி மேலே அனுப்பிக்கொண்டிருக்கிறது.

பட்டினி கிடந்ததற்கும் சேர்த்து மொத்தம் 150 கிலோ வேண்டும். 75 போயிருக்கிறது. மீதி 75. உடனே 40 போட்டுத் தண்ணீர் கட்டு. எட்டு நாள் கழித்து, கதிரில் நூல் எட்டிப் பார்க்கும்போது 35.

இதெல்லாம் தபாலில் வந்து சேர்வதற்குள் பூ வந்துவிடும். அதனால் நேற்று உன் ஃபோனுக்கு ஐந்து தடவை அடித்தேன். நீ எடுக்கவில்லை. அண்ணிக்கு அடித்தேன். "உங்க அண்ணன் தங்கச்சி சண்டைக்கு நான் தபால்காரி இல்லன்னு அன்னைக்கே சொன்னேன்ல?" என்றார்கள். "அண்ணி, இத மட்டும்" என்று நாற்பது, தண்ணீர், எட்டு நாள், முப்பத்தைந்து என்று சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். பிறகு, "யாரு தப்பு?" என்று கேட்டார்கள். கயிற்று விஷயத்தைச் சொல்லி, "என் தப்பு" என்றேன். வைத்துவிட்டார்கள்.

உன்னிடம் சொன்னார்களா? சொல்லியிருப்பார்கள். மாடி அறைக்குப் போக வேண்டும் என்று நினைக்கிற ஒருவரிடம் போய் இதைச் சொல்லி அனுப்பியிருக்கிறேனே என்ற கவலையில் வேலை நேரத்தில் மூன்று மாதிரிகளுக்கு எண் மாற்றி ஒட்டிவிட்டேன். மறுபடி செய்ய வேண்டும்.

எழுது. எவ்வளவு பக்கம் வேண்டுமானாலும்.

தங்கை

---

ஆகஸ்ட் 18

அன்புள்ள தங்கைக்கு,

(பார், இந்தத் தடவை கையைத் தட்டிவிடவில்லை.)

முதலில் எண். 40, ஆகஸ்ட் 6. 35, ஆகஸ்ட் 14. இரண்டுக்கும் தண்ணீர் உண்டு. பென்சிலைக் கீழே வை. இனி கதை.

நீ அண்ணியிடம் சொன்ன அன்று நான் மோட்டார் அறை வாசலில் உட்கார்ந்திருந்தேன். எதுவும் செய்யாமல், சும்மா. பொழுது சாய்கிற நேரம், வரப்பில் உன் அண்ணி வருகிறாள். முழங்கால் வலிக்காரி. பொழுது சாய்ந்தால் வீட்டு வாசலைத் தாண்டாதவள். வந்து நின்றாள். மூச்சு வாங்கினாள். "நாப்பது. தண்ணி கட்டணும். எட்டு நாள் கழிச்சு முப்பத்தஞ்சு. கயிறு தப்பாம்" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். கயிறு விஷயத்தை மண்ணில் குச்சியால் கோடு போட்டு அவள்தான் எனக்கு விளக்கினாள்! ஃபோனில் ஒரே ஒரு தடவை கேட்டதை.

பிறகு தானாகவே சொன்னாள். "ஃபோன வெச்சுட்டு ஒரு நிமிஷம் அடுப்படியில நின்னேங்க. சொல்லாம விட்டா மாடி ரூமுக்குப் போயிரலாம்னு தோணுச்சு. தோணலன்னு பொய் சொல்ல மாட்டேன்."

"அப்புறம் ஏன் சொன்ன?"

"ஜன்னல் வழியாப் பாத்தேன். பயிரு பசியில நிக்கிற மாதிரி இருந்துச்சு" என்றாள். அவ்வளவுதான். நான் எழுந்து, மிச்சமிருந்த யூரியாச் சாக்குகளை எண்ணப் போனேன்.

மறுநாள் விடிந்ததும் நான், உன் அண்ணி, ஸ்பேனர். தலைக்கு மேல் நிற்கிற பயிருக்குள் கருவி போகாது. ஆளுக்கொரு டப்பாவில் நிறுத்து எடுத்துக்கொண்டு, குனிந்து வரிசை வரிசையாக அடியில் வைத்து மூடினோம். மக்காச்சோள இலை இருக்கிறதே, பார்க்கத்தான் இலை. உரசினால் தாள் கிழித்த மாதிரி எரியும். முழுக்கைச் சட்டை போட்டும் கழுத்தெல்லாம் கோடு. ஸ்பேனர் மூன்று நாளும் விடியும் முன்பே வந்து நின்றான். என்னடா அக்கறை என்றேன். "வீட்டுல இருக்கறதுக்கு இது தேவல அண்ணே" என்றான்.

இப்போது மேல் இலையெல்லாம் கரும்பச்சை. அடியில் போனது போனதுதான், அது திரும்பவில்லை. பூ வந்துவிட்டது. நூல் விட்டிருக்கிறது. நுனி வரை மணி பிடிக்குமா, பட்டினி கிடந்த இரண்டு வாரத்துக்குக் கதிர் என்ன பழி வாங்கும் என்று தெரியவில்லை. தினம் ஒரு கதிரைத் தொட்டுப் பார்க்கிறேன், பிரிக்க தைரியமில்லை.

தப்பு உன்னுடையது மட்டும் இல்லை. வரிசையை மாற்றியதை முதல் வரியில் எழுதாமல் போல்ட்டுக்குக் கீழே புதைத்தது யார்? அந்தப் புறாவிடம் வேறு மன்னிப்புக் கேட்க வேண்டும். அது இப்போதெல்லாம் என்னைக் கண்டால் திரும்பி உட்கார்ந்துகொள்கிறது.

அண்ணன்

---

செப்டம்பர் 12

அண்ணா,

இன்று எந்த எண்ணும் கேட்கவில்லை. கதை எழுதிப் பார்க்கிறேன், சிரிக்காதே.

எங்கள் கூடத்துக்கு ஒருவர் பிஸ்கட் டப்பாவில் மண் கொண்டு வந்தார். நன்றாகக் காய்ந்து, சலித்து, பழுப்பாக. எங்கள் மேலாளர் அதை யாரோ வாங்கி வைத்த காபித்தூள் என்று நினைத்து வெந்நீரில் போட்டுவிட்டார். ஒரு வாய் குடித்துவிட்டு, "கசப்பு போதல" என்றார். அப்புறம் தெரிந்ததும் வாயைக் கொப்பளித்துக்கொண்டே, "அமிலத்தன்மை சரியாத்தான் இருக்கு" என்றார்.

முடிந்தது. உனக்கு இதை மூன்று பக்கம் எழுத வந்திருக்கும்.

இரவில் கண்ணை மூடினால் நீல நிறத்தில் கயிறு வருகிறது. இந்தப் பருவத்தில் நானூறு பேருக்குச் சீட்டு எழுதியிருக்கிறேன். அவர்களில் எத்தனை பேர் என்னிடம் சொல்ல வந்ததை, "முக்கியமானதை மட்டும் சொல்லுங்க" என்று நிறுத்தினேனோ தெரியவில்லை. இப்போது ஒவ்வொருவரையும் வரிசை எத்தனை அடி என்று கேட்டுவிட்டு, வேறென்ன நடந்தது என்றும் கேட்கிறேன். மேலாளருக்குக் கோபம். வாசல் வரை ஆள் நிற்கிறார்களாம்.

அறுவடை எப்போது? முப்பது வருமா? எண் கேட்கவில்லை என்றேன், கேட்டுவிட்டேன்.

புதுக் கயிறு அனுப்பியிருக்கிறேன். இருபத்தொரு அடி ஒன்பது அங்குலம். சிவப்பு.

தங்கை

---

அக்டோபர் 5

அன்புள்ள தங்கைக்கு,

29.

தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாய், முதல் வரியிலேயே வைத்துவிட்டேன். பொறு, கடிதத்தை மடிக்காதே.

மூன்றாம் தேதி கடைசி மூட்டையைத் தைத்தோம். ஆறு ஏக்கர், நூற்றெழுபத்துநாலு மூட்டை. கதிரெல்லாம் நல்ல பருமன், ஆனால் நுனியில் ஒரு கட்டைவிரல் அளவு மணி பிடிக்கவில்லை. இரண்டு வாரப் பசி அங்கே உட்கார்ந்திருக்கிறது. ஏக்கருக்கு ஒரு மூட்டை குறைகிறது. ஒரே ஒரு மூட்டை!

ஸ்பேனர் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "அண்ணே, மூட்டைக்கு மூணரை கிலோ கம்மியாக் கட்டுனா முப்பது வந்துரும். அக்கா எண்ணத்தான போறாங்க, நிறுக்கவா போறாங்க?" என்றான். சொல்லிவிடுகிறேன், ஒரு நிமிடம் நின்றேன். உன் அண்ணி அடுப்படியில் நின்ற மாதிரி நானும் களத்தில் நின்றேன். அவள் நின்றுவிட்டு வந்து சொன்னாளே! "வேணாம்டா. ஏற்கனவே ஒரு தப்புக் கயிறு போதும்" என்றேன்.

உன் அண்ணி வந்தாள். எண்ணினாள். மறுபடி எண்ணினாள். நான் மாடி ஜன்னலையும் அந்தத் தண்ணீர்த் தொட்டியையும் மனதுக்குள் பார்த்தாகிவிட்டது. "மோட்டாரை நிறுத்துங்க" என்று வாய் ஒத்திகை கூடப் பார்த்துவிட்டது.

"இருபத்தொம்போது" என்றாள்.

"ஆமா" என்றேன்.

"நீங்க டப்பா தட்டிக்கிட்டு புறாவ விரட்டுன நேரத்துல வரிசை ரெண்டடிதான்னு அவளுக்குத் தனியா ஒரு வரி எழுதிருந்தா முப்பது."

"ஆமா."

"அவ என்னமோ ஒரு கயிறு அனுப்பிருந்தாளே, செவப்பு. எங்க அது?"

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். முழங்கையில் சுற்றிச் சுற்றி மடித்துக்கொண்டாள். "அடுத்த தடவை இது எங்கிட்ட இருக்கும். நான் எண்றேன், நீங்க வாய வெச்சுக்கிட்டு சும்மா பின்னாடி வாங்க. அப்பயும் வரலன்னா மாடி ரூம்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். முழங்கால் வலிக்காரி மாதிரியே நடக்கவில்லை.

அடுத்த தடவை! அவள் வாயால்! நான் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். ஸ்பேனர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வந்தான். பயம் போய்விட்டது என்று நினைக்காதே. இன்னொரு வருஷத்துக்குப் புதுப்பித்துக் கொடுத்திருக்கிறாள், அவ்வளவுதான். பழைய நீலக் கயிற்றில் கொல்லையில் துணி காய்கிறது.

இந்தக் கடிதம் கிடைக்கும் அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு எனக்கு ஃபோன் அடி. எடுப்பேன். ஸ்பேனர் மாமியார் கிளம்புவதாகச் சொல்லிவிட்டு, கட்டிலை மட்டும் அனுப்பிவிட்டு, தான் தங்கிவிட்ட கதையை எழுத்தில் எழுதவே முடியாது. அதற்கு நடுவில் அடுத்த விதைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டியது இருக்கிறது. எந்த இடத்தில் வரும் என்று எனக்கே தெரியாது. அதனால், தட்டுகளையெல்லாம் முன்கூட்டியே கழுவி வைத்துவிட்டு உட்கார்.

அண்ணன்